கேரட் அல்வா: எந்தத் தண்ணீர் எப்போது வற்ற வேண்டும்

கேரட் அல்வா சரியாக வரவில்லை என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் செய்முறை தெரியாமல் இருப்பதில்லை. கேரட், பால், சர்க்கரை, நெய், ஏலக்காய், இதில் யாருக்கு என்ன சந்தேகம்? ஆனால் அடுப்பில் ஏற்றினால் கூட்டு மாதிரி தளர்வாக நின்றுவிடும், இல்லையென்றால் கேரட் துருவல் பல்லில் நறுக்கென்று கடிபடும், அதுவும் இல்லையென்றால் அடிபிடித்து முழுச் சட்டிக்கும் தீய்ந்த வாசனை ஏறிவிடும். மூன்று கோளாறும் வேறு வேறு போலத் தெரிந்தாலும் மூன்றும் தண்ணீரில் வந்து முடிகின்றன. இந்த அல்வாவில் நாம் செய்கிற வேலை முழுவதும் தண்ணீரை வற்ற வைப்பதுதான், அதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ருசியும் பதமும் அமைகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கேரட்டில் கிட்டத்தட்ட 880 கிராம் தண்ணீர். ஒரு லிட்டர் பாலிலும் 87 சதவீதம் போலத் தண்ணீர்தான். ஆக, சட்டியில் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. சர்க்கரை 200 கிராம், நெய் 75 கிராம் எல்லாம் சேர்த்த பிறகும் கடைசியில் கையில் கிடைக்கும் அல்வா ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் ஒன்றேகால் லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாகப் போயிருக்க வேண்டும். வீட்டு அடுப்பில் இது இருபது நிமிடத்தில் நடக்கிற காரியம் இல்லை, ஒரு மணி நேரமாவது ஆகும். ‘பத்தே நிமிடத்தில் கேரட் அல்வா’ என்று வரும் வீடியோக்களில் பாலுக்குப் பதில் ஏற்கெனவே தண்ணீர் வற்றிய கோவாவோ கண்டென்ஸ்டு மில்க்கோ போயிருக்கும். அதில் தப்பு எதுவும் இல்லை, அதையும் பிறகு பார்ப்போம்.

முதலில் கேரட். நம் பக்கம் கிடைப்பது ஊட்டி கேரட், ஆரஞ்சு நிறம், கெட்டியான சதை. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கு வந்த ஐரோப்பிய வகை இது, இன்றைக்கும் பெரியவர்கள் பீன்ஸ், பீட்ரூட், கோஸோடு இதையும் சேர்த்து ‘இங்கிலீஷ் காய்’ என்றுதான் சொல்வார்கள், பல வீடுகளில் திவசச் சமையலில் சேர்க்கவும் மாட்டார்கள். வடக்கே அல்வாவுக்கு எடுப்பது வேறு கேரட். நீளமாக, ரத்தச் சிவப்பாக, நுனி மெலிந்து இருக்கும், குளிர்காலத்தில் மட்டும் விளையும். பஞ்சாப், டெல்லி, உத்தரப் பிரதேசம் பக்கமெல்லாம் நவம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை இதுதான் சந்தையில் குவிந்து கிடக்கும். அங்கே கேரட் அல்வா குளிர்காலத்துப் பலகாரமாக ஆனது இதனால்தான், அந்தக் கேரட் வரும்போது செய்கிறார்கள், போனதும் நிறுத்திவிடுகிறார்கள். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா ருதிராவும் இந்தச் சிவப்பு வகைதான்.

இரண்டுக்கும் நிறம் வேறு என்பதோடு விஷயம் முடியவில்லை. ஆரஞ்சு கேரட்டின் நிறம் பீட்டா கரோட்டினால் வருவது. சிவப்பு கேரட்டில் தூக்கலாக இருப்பது லைக்கோபீன், தக்காளிக்கும் தர்பூசணிக்கும் சிவப்பைக் கொடுக்கிற அதே பொருள். சிவப்பு வகையில் சாறும் இனிப்பும் அதிகம், சீக்கிரம் குழைந்து வெந்துவிடும். ஊட்டி கேரட் கொஞ்சம் கட்டி, வேக நேரம் எடுக்கும். என் அபிப்பிராயத்தில், ஊட்டி கேரட்டில் செய்தால் அல்வா மட்டம் என்று சொல்வது நியாயமில்லை. நெய்யில் கூடுதலாகப் பத்து நிமிடம் வதக்கி, சர்க்கரையை ஒரு கைப்பிடி ஏற்றினால் அருமையாகவே வரும். குளிர்காலத்தில் நம்மூர்ப் பெரிய சந்தைகளில் சிவப்பு கேரட் கண்ணில் பட்டால் மட்டும் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவதாகக் கறுப்பு கேரட்டும் உண்டு. லக்னோ பக்கம் அதிலும் அல்வா கிண்டுவார்கள். வடக்கே அதைத் துண்டு போட்டு, கடுகுப்பொடியும் உப்பும் தண்ணீரும் சேர்த்து, சில நாள் வெயிலில் புளிக்க வைத்து காஞ்சி என்ற பானமாகக் குடிப்பதும் உண்டு. கேரட் என்றாலே ஆரஞ்சு என்று நமக்குப் பழகிவிட்டது, ஆனால் ஆப்கானிஸ்தான், பாரசீகம் சார்ந்த பகுதியில் மனிதர்கள் முதலில் வளர்த்த கேரட் ஊதாவும் மஞ்சளுமாகத்தான் இருந்தது. ஆரஞ்சு நிறக் கேரட் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு கழித்துத்தான் பரவியது.

வாங்கும்போது ரொம்பத் தடியானதைத் தவிர்க்கவும். முற்றிய கேரட்டை நடுவில் பிளந்தால் வெளிறிய தண்டு மாதிரி ஒன்று தெரியும், அது நாராக இருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் வாயில் தட்டுப்படும். அப்படி இருந்தால் அதை எடுத்துவிட்டு மிச்சத்தைத் துருவுங்கள். தலைப்பக்கம் பச்சையாக இருந்தால் அந்த இடம் கசக்கும், நறுக்கித் தள்ளிவிடலாம். இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையைக் கிள்ளிவிடவேண்டும், இல்லையென்றால் கிழங்கிலுள்ள ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டு கேரட் துவண்டுவிடும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஃப்ரிட்ஜில் கேரட்டை ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆப்பிள் பழுக்கும்போது வெளிவிடுகிற எத்திலீன் வாயு பட்டால் கேரட்டுக்குள் கசப்புப் பொருள் உண்டாகிவிடும். கேரட் ஏன் கசக்கிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கலாம்.

துருவுவதற்குப் பெரிய துளைகள்தான் சரி. பொடித் துளையில் சீவினால் வேகவேக மசிந்து களியாகிவிடும், கேரட் இழை இழையாகத் தெரியாது. மிக்ஸியில் அரைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், ருசி பரவாயில்லை என்றாலும் பதம் போய்விடும். கை வலிக்கும்தான், ஒரு கிலோவைத் துருவுவது சின்ன வேலை இல்லை, வீட்டில் இருப்பவர்களிடம் ஆளுக்கு நாலு கேரட் கொடுத்துவிடுங்கள்.

இனி அடுப்பு. அகலமான, அடிகனமான கடாய் வேண்டும். அகலம் ஏன் என்றால் தண்ணீர் ஆவியாவது மேற்பரப்பில்தான், குறுகிய உயரமான பாத்திரத்தில் அதே பால் வற்ற அரைமணி நேரம் கூட ஆகும். கனம் எதற்கு என்றால் பால் கெட்டியாகும்போது அடியில் படிகிற புரதமும் சர்க்கரையும் கருகாமல் இருக்க. கிண்டுவதற்கு உருண்டைக் கரண்டியைவிடத் தோசைத் திருப்பி மேல், அதன் தட்டையான முனை அடியைச் சுத்தமாக வழித்துக்கொண்டு வரும்.

முதல் தண்ணீர் கேரட்டின் தண்ணீர். இதைப் பாலில் இல்லாமல் நெய்யில் வற்ற வைக்கவேண்டும். எடுத்து வைத்த நெய்யில் பாதியை ஊற்றி, துருவலைப் போட்டு மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். முதலில் கேரட் தண்ணீர் விடும், சட்டியில் ஈரம் சேரும், ஆவி எழும். கொஞ்ச நேரத்தில் ஈரம் அடங்கி, துருவல் பாதியாகச் சுருங்கி, பச்சை வாசனை போய் இனிப்பான வாசனை வரும். இந்த நேரத்தில் துருவலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அடியில் நிற்கிற நெய்யைப் பாருங்கள். பொன்னிறமாக ஊற்றிய நெய் ஆரஞ்சாக மாறியிருக்கும். கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், அதனால் நிறம் நெய்க்குள் இறங்குகிறது. கடைசியில் அல்வா முழுக்க ஒரே சீராகப் பளபளவென்று நிறம் பிடிப்பது இந்த நெய்யால்தான், கலர்ப்பொடி தேவையே இல்லை. கறுப்பு கேரட்டில் இது தலைகீழ், அதன் ஊதா நிறம் தண்ணீரில் கரைகிற வகை, பாலை ஊற்றியதும் பாலே கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும்.

நெய்யில் வதக்குவதை விட்டுவிட்டு நேராகப் பாலில் போட்டால் என்ன? வேகும், ஆனால் மெதுவாக. கேரட்டின் செல்களை ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள், ஜாம் கெட்டியாவதும் அதனால்தான். அது கரைந்து தளர்ந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்தப் பெக்டினை இறுக்கிப் பிடிக்கும், சர்க்கரையும் அதே வேலையைச் செய்யும். அதனால் பாலுக்கு முன்னாலேயே கேரட்டைப் பாதிக்கு மேல் வேக வைத்துவிடுவது நல்லது, சர்க்கரைக்கு முன்னால் முழுசாக வெந்திருக்கவே வேண்டும். பல்லில் நறுக்கென்று கடிபடும் அல்வாவுக்குக் காரணம் இதுதான்: சர்க்கரையை முந்திப் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் எவ்வளவு நேரம் கிண்டினாலும் அந்தக் கேரட் இளகாது.

இரண்டாவது தண்ணீர் பாலின் தண்ணீர். முழுக் கொழுப்புப் பால் ஒரு லிட்டர், காய்ச்சி ஊற்றினால் நேரம் மிச்சம். கொதி வந்ததும் தீயை மிதமாக்கி மூடாமல் விடுங்கள். மூடி போட்டால் ஆவி திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும், செய்த வேலையை நாமே அழித்த மாதிரி. முதல் இருபது நிமிடம் அவ்வப்போது கிண்டினால் போதும். கடாயின் ஓரத்தில் ஏடு படிந்துகொண்டே வரும், அதை வழித்து வழித்து உள்ளே தள்ளவேண்டும், அல்வாவில் நாக்குக்குத் தட்டுப்படுகிற பால்சுவை முக்கால்வாசி அந்த ஏட்டிலிருந்துதான் வருகிறது. பால் சுண்டச் சுண்ட வெள்ளை போய் இளம் பழுப்பு ஏறும். பாலின் புரதமும் பால் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து உண்டாக்குகிற நிறமும் மணமும் அது, பால்கோவாவுக்கு வருகிற வாசனையும் அதேதான். சில சமயம் பால் லேசாகத் திரிந்து மணல் மணலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், கிண்டிக்கொண்டே இருந்தால் அது கோவாத் துகள் மாதிரி ஆகி ருசியைக் கூட்டத்தான் செய்யும்.

பால் எப்போது வற்றியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? திருப்பியால் கடாயின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். பால் இரண்டு பக்கமும் ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் நேரம் இருக்கிறது. கோடு அப்படியே நின்று, அடி தெரிந்தால் சரி. காதும் சொல்லும். ஆரம்பத்தில் தளதளவென்று கொதிக்கும் சத்தம், கெட்டியானதும் ‘பொத் பொத்’ என்று குமிழி வெடிக்கும், வற்றிய பிறகு சத்தம் அடங்கி நெய் சன்னமாகப் பொரியும். ‘பொத் பொத்’ தொடங்கியதும் அடுப்பை விட்டு நகரக்கூடாது, அடிபிடிப்பதெல்லாம் இந்தக் கட்டத்தில்தான். தீயைக் குறைத்துக்கொண்டு கை ஓயாமல் கிண்டவேண்டும்.

இப்போது சர்க்கரை. ஊட்டி கேரட்டுக்கு 200 முதல் 250 கிராம், சிவப்பு கேரட்டுக்கு 150 முதல் 200 கிராம் போதும். கேரட்டிலேயே 100 கிராமுக்கு 5 கிராம் போலச் சர்க்கரை இருக்கிறது, பாலின் இனிப்பு வேறு, அதனால் முதலில் குறைவாகப் போட்டு ருசி பார்த்து ஏற்றுங்கள். சர்க்கரை விழுந்த அடுத்த நிமிடம் புதிதாகச் செய்பவர்கள் பதறிப்போவார்கள், அவ்வளவு நேரம் கிண்டிக் கெட்டியான அல்வா மறுபடி இளகித் தண்ணீராக நிற்கும். இதுதான் மூன்றாவது தண்ணீர். சர்க்கரை கரைவதோடு, கேரட் இழைக்குள் மிச்சமிருக்கும் ஈரத்தையும் வெளியே இழுத்துவிடும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் காய் தண்ணீர் விடுகிறதே, அதே வேலைதான். இது நடக்கத்தான் வேண்டும். அந்த ஈரம் வெளியே வந்த இடத்தில்தான் இனிப்பு உள்ளே ஏறும், அந்தப் பாகில் வெந்துதான் துருவல் கண்ணாடி மாதிரி மினுங்கும். பதறிப்போய் ரவை, கார்ன்ஃப்ளவர் என்று எதையும் கொட்டிக் கெட்டியாக்க முயலாதீர்கள். எட்டுப் பத்து நிமிடம் கிண்டினால் தானாகவே திரும்பக் கெட்டிப்படும்.

மிச்ச நெய்யை இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். முதலில் ஊற்றுவதை அல்வா குடித்துவிடும். தண்ணீர் போய்ச் சேரவேண்டிய அளவு போனதும் அதற்கு மேல் குடிக்காமல் ஓரத்தில் நெய் கசியத் தொடங்கும், மொத்தமும் ஒன்றாகத் திரண்டு சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். அதுதான் பதம். ஒரு நுணுக்கம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஆறினால் இன்னும் கெட்டியாகும், ஆகவே சூடாக இருக்கும்போது உங்களுக்குப் பிடித்ததைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடவேண்டும். ஏலக்காய்ப் பொடி இறக்கிய பிறகுதான், முன்னாலேயே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். முந்திரியும் திராட்சையும் தனியாக நெய்யில் பொரித்துச் சேர்த்தால் முந்திரி மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும். பச்சைக் கற்பூரம் வேண்டாம் என்பது என் கட்சி, கோதுமை அல்வாவுக்குப் பொருந்தலாம், கேரட்டின் மென்மையான மணத்தை அது அமுக்கிவிடுகிறது.

சரி, நேரம் இல்லாதவர்களுக்கு? குக்கரில் துருவலோடு ஒரு டம்ளர் பால் மட்டும் விட்டு இரண்டு விசில் வைத்தால் வேகும் நேரம் மிச்சம், பிறகு கடாயில் மாற்றி வற்ற வைக்கலாம். பால் சுண்டிய அந்தப் பழுப்பு மணம் இதில் குறைவாகத்தான் இருக்கும், அதை ஈடுகட்ட நூறு கிராம் இனிப்பில்லாத கோவா உதிர்த்துப் போடலாம். கோவா மட்டும் வைத்துச் செய்வதானால், ஒரு லிட்டர் பாலுக்கு 200 கிராம் கோவா என்பது கணக்கு, கேரட்டை நெய்யில் நன்றாக வேகவிட்டு, சர்க்கரை போட்டு வற்றிய பிறகு கடைசியில் சேர்க்கவேண்டும். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரைதான் இருக்கிறது என்பதை மறக்காமல் தனிச் சர்க்கரையைக் குறைத்துவிடுங்கள், இதையும் கேரட் வெந்த பிறகே ஊற்றவேண்டும். வெல்லம் விரும்புகிறவர்கள் பால் முழுவதும் வற்றி, தீயை அணைத்த பிறகு பொடித்த வெல்லத்தைச் சேர்க்கலாம், கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும்.

அல்வாவுக்கு வெளியே அன்றாடச் சமையலிலும் இதே தண்ணீர்க் கணக்கு உதவும். கேரட் பொரியல் சொதசொதவென்று வருகிறது என்றால் தண்ணீர் ஊற்றி வேகவைத்திருப்போம். பொடியாக நறுக்கி, தாளித்து, உப்புப் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்து மூடினால் காயின் சொந்த ஈரமே போதும், கடைசியில் மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் வற்றவிட்டுத் தேங்காய்த் துருவல் போட்டால் உதிரி உதிரியாக இருக்கும். கோசம்பரிக்கு நேர்மாறு, அங்கே கேரட் தண்ணீர் விடவே கூடாது, ஆகவே உப்பும் எலுமிச்சையும் பரிமாறும்போதுதான். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் கேரட்டின் குடும்பத்துச் செடிகளே, அவற்றில் எதைத் தூவினாலும் கேரட்டுக்கு ஒத்துப்போவது இதனாலும் இருக்கலாம்.

கண்ணுக்கு நல்லதா என்ற கேள்வி கேரட் பேச்சில் எப்படியும் வரும். பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும், அந்த அளவில் உண்மை. கண்ணாடி போட்டவர் கேரட் தின்று கண்ணாடியைக் கழற்ற முடியாது. பச்சையாகக் கடிப்பதைவிட, வேகவைத்துக் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சாப்பிட்டால் அந்தக் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும், கொழுப்பில் கரைகிற பொருள் ஆயிற்றே. ஆனால் அதற்காக அல்வாவை மருந்தாக நினைக்கவேண்டாம், அந்தப் பலன் ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்த பொரியலிலேயே கிடைத்துவிடும், அல்வாவை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

செய்த அல்வா வெளியில் ஒரு நாளைக்கு மேல் வேண்டாம், பால் சேர்ந்த பண்டம். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் ஐந்து நாள் தாங்கும். எடுக்கும்போது நெய் உறைந்து வெளிறிப்போய் இருக்கும், அதைப் பார்த்து இன்னும் நெய் ஊற்றுவார்கள், தேவையில்லை. சாப்பிடுகிற அளவை மட்டும் தனியாக எடுத்து, இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, சிறுதீயில் சூடு பண்ணினால் உள்ளே உறைந்திருந்த நெய்யே இளகி மேலே வந்துவிடும்.